பழைய லோடு வண்டி வாங்கப் போறீங்களா? 'கிரவுன்' பார்த்து வாங்குங்க!



காய்கறி, பால், செங்கல், தென்னை நார், மாட்டுத் தீவனம் என்று குழுத் தொழில் எதுவாக இருந்தாலும், ஒரு கட்டத்தில் "வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசுக்குச் சொந்தமா ஒரு வண்டி வாங்கிடலாமே" என்ற பேச்சு வந்துவிடுகிறது. புது வண்டிக்குப் பணம் போதாது. அதனால் பழைய வண்டி பார்க்கிறோம். இந்த வருடம் நமது கூட்டமைப்பிலேயே பல குழுக்கள் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் நம் கண்ணில் படுவது பெயிண்ட், டயர், சீட். விற்கிறவரும் அதைத்தான் காட்டுவார். ஆனால் வாங்கிய பிறகு காசைக் கரைக்கிற பாகங்களில் ஒன்று வண்டிக்கு அடியில், பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவில், மண்ணும் எண்ணெயும் அப்பிக்கொண்டு உருண்டையாக இருக்கும். மெக்கானிக்குகள் அதைக் 'கிரவுன்' என்பார்கள். முழுப்பெயர் டிபரன்ஷியல். அது இருக்கிற இரும்புக் கூட்டுக்குப் பெயர் ஹவுசிங்.

"இதெல்லாம் ஆம்பளைங்க பார்க்கிற விஷயம்" என்று ஒதுங்க வேண்டாம். கடன் நம்ம பேரில். கையெழுத்து நம்மது. வண்டி நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. அதனால் தெரிந்துகொள்வோம்.

கிரவுன் என்ன வேலை செய்கிறது?

களத்து மேட்டில் பிணையல் ஓட்டுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நாலைந்து மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றவிட்டால், நடுவில் இருக்கிற மாடு நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரி மெல்ல நடக்கும். ஓரத்து மாடு வேகமாக நடந்தால்தான் வரிசை கலையாது. உள்ளே இருப்பதற்குத் தூரம் குறைவு, வெளியே இருப்பதற்குத் தூரம் அதிகம்.

வண்டி வளைவில் திரும்பும்போதும் இதுதான் நடக்கிறது. இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவே 4 அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பினால், உள்சக்கரத்தைவிட வெளிச்சக்கரம் சுமார் பன்னிரண்டரை அடி கூடுதலாக ஓட வேண்டும். மாட்டு வண்டியில் இது பிரச்சினையே இல்லை. இரும்பு அச்சு சுற்றாது, சக்கரம் இரண்டும் தனித்தனியாகச் சுற்றும். லோடு வண்டியில் அப்படி விட முடியாது. என்ஜினின் சக்தி இரண்டு பின் சக்கரத்துக்கும் போய்ச் சேர வேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்திலும் ஓட வேண்டும். இதற்கு வழி செய்வதுதான் டிபரன்ஷியல். இன்றைய வண்டிகளில் இருக்கிற அமைப்பை 1820-களிலேயே பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலாளி ஒனெசிஃபோர் பெக்கியர் உருவாக்கிவிட்டார்.

நாம் 'குட்டி யானை' என்று சொல்கிற டாடா ஏஸ் 2005-ல் வந்தது. அதில் என்ஜின் முன்னால் சீட்டுக்கு அடியில் இருக்கும். கியர் பாக்ஸிலிருந்து நீளமான ஒரு உருளைத் தண்டு பின்னால் போகும். அது ஜாயிண்ட் ஷாப்ட். அதன் முனையில் இருக்கிற மடங்கும் மூட்டுக்குக் 'கிராஸ்' என்று பெயர். ஷாப்ட் சுற்றினால் ஹவுசிங்குக்குள் 'டெயில் பினியன்' என்ற சின்னப் பல்சக்கரம் சுற்றும். அது 'கிரவுன் வீல்' என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். கிரவுனோடு சேர்ந்த கூண்டுக்குள் 'ஸ்டார் பினியன்' என்ற குட்டிப் பல்சக்கரங்கள் இருக்கும். வளைவில் இரண்டு பக்கத்துக்கும் வேகத்தைப் பிரித்துக் கொடுப்பது இந்த ஸ்டார் பினியன்தான். கூண்டிலிருந்து இடமும் வலமும் போகிற இரும்புத் தண்டுகள்தான் ஆக்சில். பின் சக்கரத்தில் ஓடும் பெரும்பாலான லோடு வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் அடிப்படை இதுதான்.

நின்ற வண்டியில் பார்க்க வேண்டியவை

முதலில் பாதுகாப்பு. முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து நம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் போக வேண்டும். சேலை முந்தானை, துப்பட்டா, பின்னல் எல்லாம் இறுக்கிக் கட்டியிருக்கட்டும். கூட ஒரு மெக்கானிக் இருக்கட்டும். அவர் நாம் கூட்டிப்போன மெக்கானிக்காக இருக்கட்டும், விற்கிறவர் கூட்டி வந்தவராக வேண்டாம்.

1. எண்ணெய்க் கசிவு. ஹவுசிங்கின் முன்பக்கம், ஷாப்ட் சேருகிற இடத்தில் ஈரமாக இருந்தால் பினியன் சீல் போயிருக்கிறது. சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தால் ஆக்சில் சீல் போயிருக்கிறது. இது ஆபத்து. அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. ஹவுசிங்கை அப்போதுதான் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாலும் கவனமாக இருங்கள். ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

2. மூச்சுக்குழல். ஹவுசிங்கின் மேலே சின்னதாக ஒரு மூடியோ குழாயோ இருக்கும். வண்டி ஓடினால் உள்ளே சூடேறிக் காற்று விரியும். அது வெளியே போகிற வழிதான் இது. இதில் சேறு அடைத்தால் காற்று சீலைத் தள்ளி எண்ணெயை வெளியேற்றும். "சீல் மாத்தி மாத்திப் பார்த்தேன், நிக்கல" என்று சொல்கிற வண்டிகளில் முதலில் இதைப் பாருங்கள். சுத்தம் செய்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

3. எண்ணெயின் நிறம். எண்ணெய் ஊற்றுகிற நட்டை மெக்கானிக்கை விட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சமதரையில் நிற்கும்போது பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அந்தத் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலில் எடுத்துப் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கலாம். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். அடி நட்டில் காந்தம் இருந்தால், அதில் மை போல நைசான இரும்புப் பொடி ஒட்டியிருப்பது சாதாரணம். அரிசி அளவுக்குத் துண்டு இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம்.

4. மரத்தூள் தந்திரம். கிரவுன் சத்தத்தை அமுக்க எண்ணெயில் மரத்தூள், கெட்டி கிரீஸ் கலப்பது மிகப் பழைய தந்திரம். சில நாள் சத்தம் வராது, அப்புறம் மொத்தமாகப் போகும். எண்ணெய் கூழ் மாதிரி இருந்தாலோ, நார் நாராகக் கையில் வந்தாலோ பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

5. ஆட்டம். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். ஷாப்டைக் கையால் பிடித்து இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் விளையாட்டு இருக்கத்தான் செய்யும், பற்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும். கிராஸ் மூட்டிலேயே ஆட்டம் தெரிந்தால் கிராஸ் போய்விட்டது. அது சின்னச் செலவு. ஷாப்டின் பின் முனையை மேலும் கீழும் ஆட்டும்போது பினியனே ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது. அது பெரிய செலவு.

6. சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது. பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சாதாரண டிபரன்ஷியலாக இருந்தால் மறு சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கரகரப்பு, இடையிடையே சிக்குவது, கட்டுக் கட்டாகத் தடுக்குவது இருந்தால் உள்ளே கோளாறு.

ஓட்டிப் பார்க்கும்போது

வெறும் வண்டியை மட்டும் ஓட்டிப் பார்த்து வராதீர்கள். பாதி லோடாவது ஏற்றி, ஏற்றம் இறக்கம் உள்ள ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் காதைக் கொடுத்து உட்காருங்கள்.

சத்தம் வருகிறதா? அது என்ஜினா, பின் அச்சா என்று முதலில் பிரிக்க வேண்டும். ஒரே வேகத்தில், உதாரணமாக 40 கிலோமீட்டரில், ஒரு தடவை மூணாவது கியரிலும் ஒரு தடவை நாலாவது கியரிலும் ஓட்டச் சொல்லுங்கள். கியர் மாறினதும் சத்தமும் மாறினால் அது என்ஜின், கியர் பாக்ஸ் பக்கம். கியர் மாறியும் சத்தம் அப்படியே இருந்தால் பின் அச்சு, சக்கரம் பக்கம். டயர் சத்தமாகவும் இருக்கலாம். தார் ரோட்டிலும் மண் ரோட்டிலும் ஓட்டுங்கள். ரோடு மாறினதும் சத்தமும் மாறினால் டயர், மாறாவிட்டால் அச்சு.

அடுத்தது, சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள்.

• ஆக்சிலேட்டரை மிதித்தால் "ஊ...ய்" என்ற ஊளை, காலை எடுத்தால் குறைகிறது: கிரவுன், பினியன் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது முன்பு பிரித்தவர் சரியாகப் பொருத்தவில்லை.

• காலை எடுத்ததும் ஊளை கூடுகிறது: பினியன் பேரிங்கோ நட்டோ தளர்ந்திருக்கலாம். பல்லின் மறுபக்கம் தேய்ந்திருந்தாலும் இப்படி வரும்.

• மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல், வேகம் கூடக் கூட உறுமலும் கூடுகிறது: பேரிங் போயிருக்கலாம்.

• ஒரு பக்கம் திரும்பும்போது உறுமல் கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைகிறது: பெரும்பாலும் சக்கரத்து பேரிங்.

• நேராகப் போகும்போது அமைதி, வளைவில் மட்டும் "கடகட": ஸ்டார் பினியன், அதன் வாஷர்.

• கிளம்பும்போது, கியர் மாற்றும்போது, ரிவர்ஸ் போடும்போது "டக்" என்று ஒரு அடி: முதலில் கிராஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் கிரவுன் இடைவெளி, ஸ்டார் பினியன் வாஷர்.

• சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை "டிக்": கிரவுன் வீலில் பல் உடைந்திருக்கலாம். ஒரு சுற்றுக்குப் பல தடவை வந்தால் பினியன் பல்.

• குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி நடுங்குகிறது: ஷாப்ட் வளைவு, கிராஸ், டயர் பேலன்ஸ். கிரவுன் மேல் பழி போட வேண்டாம்.

• ஷாப்ட் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை: ஆக்சில் உடைந்திருக்கும்.

ஓட்டி முடித்ததும் ஹவுசிங்குக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கிட்டேயே போக முடியாத அளவுக்குக் கொதித்தால் எண்ணெய் குறைவு, அல்லது பேரிங் இறுக்கம்.

சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றி மறு சக்கரம் நின்றால் அது கோளாறு இல்லை. சாதாரண டிபரன்ஷியலின் குணமே அதுதான். பிடிமானம் இல்லாத பக்கத்துக்குச் சுற்று போய்விடும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கிப் பார்த்தால்தான் ஸ்டார் பினியன் கருகும். கல்லோ சாக்கோ போட்டு மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த கிரவுன் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய வண்டியில் யாராவது ஏற்கெனவே கிரவுனை மாற்றியிருக்கலாம். ஒரே கம்பெனி வண்டியில்கூட மாடலுக்கு மாடல் கிரவுன் மாறும். தப்பான சாமான் வாங்கி வந்தால் காசும் போகும், வண்டியும் நிற்கும். ஹவுசிங்கில் சின்னத் தகடோ குத்தின நம்பரோ இருக்கும். மண்ணைத் தேய்த்துவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். சேசிஸ் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். சாமான் கடையில் இரண்டையும் காட்டுங்கள்.

அடுத்தது பல் கணக்கு. கிரவுனில் 41 பல், பினியனில் 8 பல் என்றால், 41-ஐ 8-ஆல் வகுத்தால் சுமார் 5.1. அதாவது ஷாப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் வேகம் கூடும், ஏற்றத்தில் திணறும்.

பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பின் சக்கரம் தரையிலேயே கட்டை போட்டு நிற்கட்டும். மறு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். சக்கரத்திலும் ஷாப்டிலும் சாக்பீஸில் கோடு போடுங்கள். தூக்கின சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாப்ட் எத்தனை சுற்று வந்தது என்று எண்ணுங்கள். அதுதான் அந்த எண். ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது இரண்டு மடங்கு சுற்ற வேண்டும், அதனால்தான் இரண்டு சுற்று.

கிரவுனும் பினியனும் ஜோடி. ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்தி, ஜோடி நம்பர் போட்டுத்தான் கடைக்கு வருகிறது. "கிரவுன் மட்டும் மாத்தினா போதும், பினியன் நல்லாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காயலான் கடையில் பழைய சாமான் எடுத்தாலும் ஜோடியாக எடுங்கள், இரண்டிலும் நம்பர் ஒன்றா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டோமே!

நமது கூட்டமைப்பில் காய்கறி வியாபாரம் செய்கிற ஒரு குழு, ஒரு பழைய குட்டி யானைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தது. ஓட்டிப் பார்த்தால் மிதிக்கும்போது ஊளை. "எல்லா வண்டியிலும் வர்ற சத்தம்தான்" என்றார் விற்கிறவர். எண்ணெயை இறக்கிப் பார்த்ததில் பல்லின் துண்டு ஒன்று வந்தது. உறுப்பினர்களில் பாதிப் பேர், "அட்வான்ஸ் போயிடுமே, இருக்கட்டும் வாங்கிடலாம்" என்றார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டு கூட்டம் இதிலேயே போனது.

அந்தக் குழுவின் பிரதிநிதி ஒரு வேலை செய்தார். ஜோடி, பேரிங், சீல், எண்ணெய், கூலி என்று மெக்கானிக்கிடம் செலவை எழுத்தில் வாங்கினார். அதை விற்கிறவர் முன்னால் வைத்து, "இதைக் கழிச்சா வண்டி வேணும், கழிக்காட்டி வேண்டாம்" என்றார். ஒரு வாரம் இழுபறி. கடைசியில் விலை குறைந்தது. வண்டியை வாங்கினதும் ஓட்டாமல் நேராகப் பட்டறைக்கு விட்டார்கள். இன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

கொடுத்த அட்வான்ஸ் சின்னத் தொகை. அது போய்விடுமே என்று பெரிய தொகையைப் போடுவது கணக்கு இல்லை. இனி அட்வான்ஸ் கொடுத்தால், "மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே விற்பனை முடிவாகும், இல்லாவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வாங்கின பிறகு

பழைய எண்ணெயை உடனே மாற்றுங்கள். அடி நட்டைத் திறக்கும் முன் மேலே ஊற்றுகிற நட்டு கழறுகிறதா என்று பாருங்கள். எண்ணெயை இறக்கின பிறகு மேல் நட்டு வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். புது எண்ணெய் வண்டியின் புத்தகத்தில் சொன்ன கியர் ஆயிலாக இருக்க வேண்டும். பல வண்டிகளுக்கு ஜி.எல்-5 வகை வேண்டும். டப்பாவில் இந்த எழுத்து இருக்கும், படித்துப் பாருங்கள். என்ஜின் ஆயிலை ஊற்றக் கூடாது.

வாரம் ஒரு தடவை அடியில் எட்டிப் பாருங்கள். பின் சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு டயர், ஒரே அளவு காற்று இருக்கட்டும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்றால் நேர் ரோட்டிலும் ஸ்டார் பினியன் ஓயாமல் வேலை செய்து தேயும். தண்ணீர் தேங்கின இடத்தில் வண்டி நின்றிருந்தால் அந்த வாரமே எண்ணெயைப் பாருங்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

தீர்மானம் போடும் முன்

எப்.சி. இருக்கிறது என்பதற்காகக் கிரவுன் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஹவுசிங்கைப் பிரித்து யாரும் எப்.சி. கொடுப்பதில்லை. சரக்கு வண்டிக்கு 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்கு மேல் வருடா வருடமும் எப்.சி. எடுக்க வேண்டும். ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் படிவம் 35-ல் பைனான்ஸ்காரர் கையெழுத்தும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ல் விற்கிறவர் கையெழுத்தும் வாங்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

தீர்மான நோட்டில் இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்கள்:

1. நம் மெக்கானிக் பார்த்தாரா? என்ன சொன்னார்?
2. கிரவுன் எண்ணெயை இறக்கிப் பார்த்தோமா?
3. லோடோடு ஓட்டிப் பார்த்தோமா? சத்தம் எப்போது வந்தது?
4. ரிப்பேர் செலவு எவ்வளவு? விலையில் கழித்தோமா?
5. ஒரு மாதம் வண்டி நின்றால் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் பழைய வண்டி வாங்க வேண்டாம். பதில் இருந்தால் தைரியமாகப் போங்கள். இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படியுங்கள். வண்டி ஓட்டப் போகிற மகனையோ வீட்டுக்காரரையோ டிரைவரையோ பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.